அரசு ஓர் இயக்கத்தை நடத்த முடியுமா? அனில் போர்தியாவின் கல்விப் பணி குறித்த ஒரு மதிப்பீடு

1. கேள்வி

விடுதலைக்குப் பிந்தைய இந்தியக் கல்வி வரலாறு பெரும்பாலும் ஆணையங்களின் அறிக்கைகளாகவும் சட்டங்களாகவும் எழுதப்பட்டிருக்கிறது. அந்த அறிக்கைக்கும் கிராமத்துப் பள்ளிக்கும் நடுவே ஓர் அதிகாரி இருக்கிறார். கோப்பில் குறிப்பு எழுதுபவர், நிதித்துறையின் ஒப்புதலை வாங்குபவர், யாரை எந்தப் பொறுப்பில் அமர்த்துவது என்று முடிவெடுப்பவர் அவர்தான். ஒரு கொள்கை நடைமுறையில் என்ன உருவம் எடுக்கும் என்பதைப் பல நேரங்களில் அவருடைய நம்பிக்கைகளே தீர்மானிக்கின்றன. ஆயினும் நம் கல்வி ஆய்வுகளில் அவருக்குக் கிடைக்கும் இடம் சிறிது.

அனில் போர்தியா (1934–2012) அத்தகைய அதிகாரிகளில் முதன்மையானவர். 1957இல் இந்திய ஆட்சிப் பணியில் சேர்ந்து ராஜஸ்தானில் பணியாற்றினார். 1978இன் தேசிய வயதுவந்தோர் கல்வித் திட்டம், 1986இன் தேசியக் கல்விக் கொள்கை, 1988இன் தேசிய எழுத்தறிவு இயக்கம், ராஜஸ்தானின் சிக்ஷா கர்மி, லோக் ஜும்பிஷ் ஆகிய அனைத்திலும் அவருடைய கை இருக்கிறது. 2010இல் பத்மபூஷண் விருது பெற்றார்.

இக்கட்டுரையின் கேள்வி ஒன்றுதான். கல்வியை மக்கள் இயக்கமாக்க வேண்டும் என்று போர்தியா வாழ்நாள் முழுவதும் நம்பினார். அதை அரசைக் கொண்டே செய்ய முனைந்தார். அது சாத்தியமா? எந்த இடத்தில் அது வென்றது, எந்த இடத்தில் தோற்றது, அந்தத் தோல்வியின் சுமையைத் தாங்கியவர்கள் யார்? அதிகாரத்தைக் கிராமத்தின் கையில் கொடுத்த இடங்களில் அம்முயற்சி வென்றது. வேலையை மட்டும் கொடுத்த இடங்களில் அது கடைநிலை ஊழியரைச் சுரண்டுவதற்கு வழி திறந்துவிட்டது என்பது என் வாதம். அவருக்குப் பின்வந்த அரசுகள் முதலாவதைக் கைவிட்டு இரண்டாவதை மட்டும் எடுத்துக்கொண்டன.

2. இருவகைப் பார்வைகள்

போர்தியாவைப் பற்றிய மதிப்பீடுகள் பொதுவாக இரு துருவங்களில் நிற்கின்றன. அவரோடு பணியாற்றியவர்கள் பலர், அரசு எந்திரத்துக்குள் இருந்துகொண்டே தன்னார்வ அமைப்புகளுக்கும் பெண்ணிய ஆய்வாளர்களுக்கும் கதவைத் திறந்துவிட்டவர் என்று அவரைக் கொண்டாடுகிறார்கள். மறுதரப்பு, அரசு தன் கடமையைத் தன்னார்வலர் தலையில் ஏற்றுவதற்கும் அயல்நாட்டு நிதி தொடக்கக் கல்விக்குள் நுழைவதற்கும் பாதை போட்டவர் என்று அவரைக் குறைகூறுகிறது.

இவ்விரண்டையும் சீர்தூக்கிப் பார்க்க அவர் காலத்து விவாதப் பின்னணி அவசியம். 1991இல் வெளிவந்த 'இந்தியாவில் குழந்தையும் அரசும்' என்ற நூலில் அமெரிக்க அரசியலறிஞர் மைரன் வீனர் ஒரு கடுமையான முடிவை முன்வைத்தார். இந்தியாவில் கட்டாயக் கல்வி வராததற்குக் காரணம் வறுமை அன்று. ஏழைகளின் பிள்ளைகள் உழைக்கப் பிறந்தவர்கள் என்று அதிகாரிகளும் நடுத்தர வர்க்கமும் கொண்டிருந்த எண்ணமே காரணம் என்றார் அவர். இதற்கு எட்டாண்டுகளுக்குப் பின் 1999இல் வந்த 'புரோப்' அறிக்கை, ராஜஸ்தான் உள்ளிட்ட வட மாநிலங்களில் கள ஆய்வு செய்து, ஏழைப் பெற்றோர் பிள்ளைகளின் படிப்பில் அக்கறையற்றவர்கள் என்ற கூற்றைத் தகர்த்தது. பெற்றோருக்கு விருப்பம் இருந்தது; நம்பி அனுப்பத்தக்க பள்ளிதான் இல்லை.

போர்தியாவின் பணிகளை இவ்விரு முடிவுகளுக்கும் இடையே வைத்துப் படிக்கலாம். மக்கள் கேட்கவில்லை என்பதைவிட, கேட்பதற்கான வாய்ப்பே அவர்களுக்குத் தரப்படவில்லை என்ற அனுமானத்தில்தான் அவர் திட்டங்கள் அனைத்தும் எழுந்தன. வீனர் வரைந்த அதிகாரியின் சித்திரத்துக்குள் அவரை அடைப்பது கடினம்.

3. உதயப்பூரிலிருந்து தில்லிக்கு

போர்தியா வளர்ந்தது உதயப்பூரில். மேவார் சமஸ்தானத்தின் நிர்வாகியாக இருந்த மோகன் சிங் மேத்தா 1931இல் வித்யா பவன் பள்ளியைத் தொடங்கிய ஊர் அது. நிர்வாகியே கல்வியாளராகவும் சமூகப் பணியாளராகவும் விளங்க முடியும் என்பதற்கு அந்நகரில் கண்முன்னே ஒரு முன்மாதிரி இருந்தது.

தேசிய அளவில் அவருடைய முதல் பெரும் முயற்சி, ஜனதா ஆட்சியில் 1978 அக்டோபர் 2 அன்று தொடங்கப்பட்ட தேசிய வயதுவந்தோர் கல்வித் திட்டம். 15 முதல் 35 வயது வரையிலான 10 கோடிப் பேருக்கு ஐந்தாண்டுகளில் எழுத்தறிவு தருவது அதன் இலக்கு. எழுத்தறிவு, தொழில்திறன், விழிப்புணர்வு என்னும் மூன்று கூறுகள் அதற்கு இருந்தன. மூன்றாவது கூறுதான் புதியது. கற்பவர் தன் நிலைக்கான காரணங்களைத் தானே உணர வேண்டும் என்பதை ஓர் அரசுத் திட்டம் வெளிப்படையாகவே சொன்னது. 1980இல் ஆட்சி மாறியதும் திட்டம் வேகம் இழந்தது. அரசே மக்களை விழிப்படையச் செய்ய முற்பட்டால், அரசு மாறும்போது அந்த விழிப்புக்கு என்ன ஆகும் என்ற சிக்கல் அப்போதே தலைகாட்டிவிட்டது.

1987 முதல் 1992 வரை மத்தியக் கல்விச் செயலராக இருந்தபோது அதே கனவு வேறு வடிவம் எடுத்தது. 1988 மே மாதம் தொடங்கிய தேசிய எழுத்தறிவு இயக்கம், தனித்தனி மையங்களுக்குப் பணம் கொடுக்கும் முறையை விட்டு, மாவட்டம் முழுவதையும் ஒரே வீச்சில் திரட்டும் முழு எழுத்தறிவு இயக்கங்களை ஆதரித்தது. எர்ணாகுளம் 1990 பிப்ரவரியில் நாட்டின் முதல் முழு எழுத்தறிவு மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. தமிழ் வாசகர்களுக்கு இதன் அடுத்த அத்தியாயம் நன்கு தெரியும். புதுக்கோட்டையில் கல்குவாரிப் பெண்கள் ஏட்டோடு சைக்கிளையும் கற்றுக்கொண்ட அறிவொளி இயக்கம் இந்த ஏற்பாட்டின் கீழ்தான் நடந்தது. அதன் உயிர் மாவட்டத் தொண்டர்களிடமும் ஆட்சியரிடமும் அறிவியல் இயக்கத்தாரிடமும் இருந்தது. ஆனால் அவர்களுக்கு நிதியும் சுதந்திரமும் ஒருசேரக் கிடைப்பதற்கான விதிமுறை தில்லியில் எழுதப்பட்டது.

4. லோக் ஜும்பிஷ்: வரைபடமும் அதிகாரமும்

ஓய்வுக்குப் பின் போர்தியா ராஜஸ்தானுக்குத் திரும்பினார். 1991 மக்கள்தொகைக் கணக்கின்படி அம்மாநிலத்தின் எழுத்தறிவு 38.55 விழுக்காடு, பெண்கள் எழுத்தறிவு 20.44 விழுக்காடு. மாநிலங்களிலேயே பெண் எழுத்தறிவு மிகக் குறைவாக இருந்தது அங்குதான். 1992இல் தொடங்கிய லோக் ஜும்பிஷ் ('மக்கள் இயக்கம்') திட்டத்துக்கு அவர் தலைவரானார். ஸ்வீடனின் 'சிடா' நிறுவனமும் மத்திய அரசும் மாநில அரசும் 3:2:1 என்ற விகிதத்தில் செலவைப் பகிர்ந்துகொண்டன. கல்வித்துறையின் நேரடிக் கட்டுப்பாட்டில் வைக்காமல், பதிவுபெற்ற தன்னாட்சிச் சங்கம் ஒன்றிடம் திட்டம் ஒப்படைக்கப்பட்டது.

இத்திட்டத்தின் நடைமுறையைச் சற்று அருகில் சென்று பார்க்க வேண்டும். ஓர் ஊரில் நுழைந்ததும் கட்டடமோ ஆசிரியரோ வருவதில்லை. முதலில் ஊராரிடம் பேசி, ஆர்வமுள்ளோரைக் கொண்டு 'பிரேரக் தள்' என்னும் உந்துகுழு அமைக்கப்படும். பெண்களுக்குத் தனிக் குழு உண்டு. இவர்களுக்குப் பயிற்சி அளித்தபின் பள்ளி வரைபடப் பணி தொடங்கும். குழுவினர் வீடு வீடாகச் சென்று விவரம் திரட்டுவார்கள். ஊரின் தெருக்கள், தொலைவில் சிதறிக் கிடக்கும் 'டாணி' எனப்படும் குடியிருப்புகள், கிணறு, பள்ளி எல்லாம் வரைபடத்தில் இடம்பெறும். ஒவ்வொரு வீட்டிலும் பள்ளி வயதுப் பையன் எத்தனை பேர், பெண் எத்தனை பேர், யார் பள்ளிக்குப் போகிறார்கள், யார் போகவில்லை என்பதற்குத் தனித்தனிக் குறிகள் இடப்படும். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் புரியும்படி அந்தக் குறிகள் இருக்கும். பின்னர் ஊர்க்கூட்டத்தில் அதை விரித்துவைத்துப் பேசுவார்கள்.

அப்போதுதான் உண்மை வெளிவரும். அரசுப் பதிவேட்டில் எல்லாப் பிள்ளைகளும் படிப்பதாக இருக்கும். வரைபடத்திலோ ஒரு குறிப்பிட்ட தெருவின் பெண்பிள்ளைகள் அனைவரும் பள்ளிக்கு வெளியே நிற்பார்கள். ஆடு மேய்ப்பது, தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வது, பெண் ஆசிரியர் இல்லாதது, பள்ளி மேல்சாதித் தெருவுக்குள் இருப்பது என்று காரணங்கள் ஒவ்வொன்றாக வந்து விழும். புள்ளிவிவரம் சேகரிக்கும் உரிமை அதிகாரியிடமிருந்து ஊராரிடம் வந்ததால் நிகழ்ந்த மாற்றம் இது.

இதைவிட முக்கியமானது அடுத்த படி. இன்ன குடியிருப்புக்குப் புதிய பள்ளி வேண்டும், இன்ன இடத்தில் உழைக்கும் பிள்ளைகளுக்கு அவர்களுக்கு வசதியான நேரத்தில் நடக்கும் கல்வி மையம் வேண்டும், கட்டடத்தைப் பழுதுபார்க்க வேண்டும் என்று ஊரே முன்மொழிவு எழுதும். அதை ஏற்று ஒப்புதல் தரும் அதிகாரம் ஒன்றிய அளவிலான குழுவிடம் இருந்தது. கோப்பு ஜெய்ப்பூர் வரை சென்று தூங்க வேண்டியதில்லை. பள்ளிக் கட்டட வேலையும் ஒப்பந்தக்காரரிடம் போகாமல் ஊரின் கட்டடக் குழுவிடம் வந்தது.

இந்தியத் திட்ட ஆவணங்களில் 'மக்கள் பங்கேற்பு' என்ற சொல்லுக்குப் பஞ்சமில்லை. பெரும்பாலும் அது கூட்டத்தில் கையெழுத்துப் போடுவதோடு முடிந்துவிடும். லோக் ஜும்பிஷ் வேறுபட்டது இங்குதான்: ஊர் கேட்டதற்கு அருகிலேயே விடை சொல்லும் பொறுப்புள்ள அமைப்பு ஒன்று இருந்தது. கேட்டால் கிடைக்கும் என்று அறிந்த ஊர் மறுபடியும் கேட்டது. 1998 வாக்கில் 75 ஒன்றியங்கள் வரை திட்டம் பரவியிருந்தது. 2001இல் ராஜஸ்தானின் எழுத்தறிவு 60.41 விழுக்காடாகவும் பெண் எழுத்தறிவு 43.85 விழுக்காடாகவும் உயர்ந்தன. இந்த ஏற்றம் முழுவதையும் ஒரே திட்டத்தின் கணக்கில் எழுதுவது முறையன்று. எழுத்தறிவு இயக்கங்களும் மாநில அரசின் புதிய பள்ளிகளும் பெற்றோரின் வேட்கையும் அதில் பங்குகொண்டவை. ஆனால் பெண்பிள்ளைகள் யார் யார் பள்ளிக்கு வெளியே நிற்கிறார்கள் என்பதை ஊரே பெயர் சொல்லிப் பேசியது அதற்கு முன் அம்மாநிலத்தில் பரவலாக நடந்ததில்லை.

5. மதிப்பூதியத்தின் அரசியல்

மறுபக்கத்தையும் அதே நேர்மையோடு பார்க்க வேண்டும். போர்தியா மாநில வளர்ச்சி ஆணையராக இருந்த காலத்தில், 1984இல், ராஜஸ்தானில் பெண்கள் மேம்பாட்டுத் திட்டம் தொடங்கியது. ஊர்ப் பெண்களிடையே பணியாற்ற 'சாத்தின்' என்ற பெயரில் கிராமத்துப் பெண்களே தேர்ந்தெடுக்கப்பட்டனர். இலக்கு எண்ணிக்கை எதையும் அவர்கள்மேல் சுமத்தக்கூடாது, பெண்கள் தமக்குள் பேசித் தம் சிக்கல்களைத் தாமே வரிசைப்படுத்தட்டும் என்பது திட்டத்தின் தனிச்சிறப்பு. 1986 கல்விக் கொள்கையின் பெண் சமத்துவப் பகுதிக்கும், அதன் வழிவந்த மகிளா சமாக்யா திட்டத்துக்கும் இந்த அனுபவம் உரமாயிற்று.

சாத்தின்களுக்குத் தரப்பட்டதோ மாதம் 200 ரூபாய் மதிப்பூதியம். அவர்கள் ஊழியர்களாகக் கருதப்படவில்லை. ஊதியமும் பணிப் பாதுகாப்பும் கேட்டு அவர்கள் திரண்டபோது, விழிப்புணர்வை வளர்க்க வந்த அரசுக்கு அந்த விழிப்புணர்வு உவக்கவில்லை. 1992இல் பட்டேரி கிராமத்தின் சாத்தின் பன்வரி தேவி, ஒரு குழந்தைத் திருமணத்தைத் தடுக்க முயன்றதற்காகக் கூட்டுப் பாலியல் வன்முறைக்கு ஆளானார். 1995இல் விசாரணை நீதிமன்றம் குற்றஞ்சாட்டப்பட்டவர்களை அந்தக் குற்றத்திலிருந்து விடுவித்தது. பணியிடத்தில் பெண்களுக்குப் பாதுகாப்புக் கோரி மகளிர் அமைப்புகள் தொடுத்த வழக்கில்தான் 1997இல் விசாகா தீர்ப்பு வந்தது. நாடெங்கும் பணிபுரியும் பெண்களுக்குக் காப்பாக அமைந்த நெறிமுறைகள், அரசு தன் ஊழியர் என்று ஏற்காத ஒரு பெண்ணின் துயரத்திலிருந்து பிறந்தன. அரசின் சீர்திருத்தத்தை ஊருக்குள் சுமந்து சென்றவருக்கு அரசின் காப்பு இல்லை என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று வேறில்லை.

சிக்ஷா கர்மி திட்டத்தின் கதை இதனோடு சேர்த்துப் பார்க்கத்தக்கது. 1987இல் 'சிடா' உதவியோடு தொடங்கிய இத்திட்டத்தின் மூலவேர், திலோனியாவில் பங்கர் ராயின் சமூகப்பணி ஆய்வு மையம் நடத்திய இரவுப் பள்ளிகளில் உள்ளது. எட்டாத ஊரில் நியமிக்கப்பட்ட ஆசிரியர் அங்கே தங்குவதில்லை. பள்ளி பூட்டிக் கிடக்கும். அப்படிச் செயலிழந்த பள்ளியில் அதே ஊரைச் சேர்ந்த இருவர் அமர்த்தப்பட்டனர். ஆண்களுக்கு எட்டாம் வகுப்பும் பெண்களுக்கு ஐந்தாம் வகுப்பும் போதுமான தகுதி. படிப்பின் குறையை ஈடுசெய்ய, ஒரு மாதத்துக்கும் மேற்பட்ட உறைவிடப் பயிற்சியும் ஆண்டுதோறும் தொடர் பயிற்சிகளும் நிபுணர்களின் இடைவிடாத துணையும் அவர்களுக்குக் கிடைத்தன. பகலில் உழைக்கும் பிள்ளைகளுக்காக அவர்கள் இரவிலும் பள்ளி நடத்தினர்.

இந்த ஏற்பாட்டில் மூன்று உறுப்புகள் இருந்தன: ஊர்க்காரர் என்ற நெருக்கம், அடர்த்தியான பயிற்சி, குறைந்த மதிப்பூதியம். 1990களின் இறுதியில் பல மாநிலங்கள் இதைப் பின்பற்றியபோது மூன்றாவது உறுப்பே முதன்மையாகிவிட்டது. மத்தியப் பிரதேசம் 'சிக்ஷா கர்மி' என்ற பெயரையே எடுத்துக்கொண்டது. குஜராத்தில் 'வித்யா சகாயக்', உத்தரப் பிரதேசத்தில் 'சிக்ஷா மித்ரா' என்று ஒப்பந்த ஆசிரியர் படை பெருகியது. நிதி நெருக்கடியில் இருந்த மாநிலங்களுக்கு முழு ஊதிய ஆசிரியருக்கு ஆகும் செலவில் ஒரு பகுதியைக் கொண்டே வகுப்பறையை நிரப்ப வழி கிடைத்தது. செயலிழந்த பள்ளிக்கான மாற்று மருந்து, எல்லாப் பள்ளிக்குமான மலிவு உணவாயிற்று. 2017இல் உத்தரப் பிரதேசத்தில் லட்சத்துக்கும் மேற்பட்ட சிக்ஷா மித்ராக்களின் பணி வரன்முறையை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தபோது, அந்தப் பாதை கொண்டுபோய்ச் சேர்த்த இடம் வெளிப்பட்டது.

இதற்கு போர்தியா பொறுப்பா? நேரடியாக அல்ல. எட்டாம் வகுப்புப் படித்தவரைப் பயிற்சியால் ஆசிரியராக்கலாம் என்பதும், ஆசிரியருக்குப் பயிற்சியே தேவையில்லை என்பதும் ஒன்றல்ல. ஆனால் ஒரு முன்மாதிரியை உருவாக்குபவர் அதில் எது எளிதில் திருடப்படும் என்றும் எண்ணிப் பார்க்க வேண்டும். பயிற்சி கடினம், மதிப்பூதியம் எளிது. பணி உரிமைகளை முன்மாதிரியின் பிரிக்க முடியாத பகுதியாக அவர் ஆக்கவில்லை. தொண்டு மனப்பான்மை மேல் அவர் வைத்த மதிப்பு, தொண்டு செய்பவரின் வயிற்றுப்பாட்டை இரண்டாம் இடத்துக்குத் தள்ளியது.

6. தன்னாட்சியின் பலவீனம்

லோக் ஜும்பிஷின் சரிவில் வேறொரு பாடம் உள்ளது. 1998 மே மாதம் ராஜஸ்தானின் பொக்ரானில் இந்தியா அணுகுண்டுச் சோதனை நடத்தியது. அதன் விளைவாக ஸ்வீடன் வளர்ச்சி உதவியை நிறுத்திக்கொண்டது. செலவில் பாதியைத் தந்துகொண்டிருந்த கை விலகியதும் திட்டம் தள்ளாடியது. பின்னர் பிரிட்டனின் உதவி வந்தபோதிலும் பழைய வேகம் திரும்பவில்லை. அடுத்த சில ஆண்டுகளில் அனைவருக்கும் கல்வித் திட்டத்தின் பொது ஓட்டத்தில் அது கரைந்தது. மக்கள் இயக்கம் என்று பெயர் சூட்டப்பட்ட ஒன்று, அம்மக்களுக்குத் தொடர்பே இல்லாத ஒரு வெளியுறவு முடிவால் ஆட்டங்கண்டது.

நிதி மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. திட்டம் தொடங்கிய காலத்தில்தான் 73ஆவது அரசியல் சட்டத் திருத்தம் ஊராட்சிகளுக்கு நிலையான இடத்தை அளித்தது. லோக் ஜும்பிஷ் தன் குழுக்களைப் பெரும்பாலும் ஊராட்சிக்கு இணையாகவே வளர்த்தது. ஊராட்சியில் ஆதிக்க சாதியினர் கை ஓங்கியிருந்த ராஜஸ்தானில் இதற்கு நியாயமான காரணம் இருந்தது. தலித், பழங்குடிப் பெண்களின் குரல் உந்துகுழுவில் கேட்ட அளவு அங்கே கேட்டிருக்காது. எனினும் சட்டத்தின் அடித்தளம் இல்லாத அமைப்பு, அதை ஏற்படுத்தியவரின் செல்வாக்கு உள்ளவரைதான் நிற்கும். கல்வித்துறையைச் சுற்றிக்கொண்டு போக தன்னாட்சிச் சங்கம் உதவியது. அத்துறையை மாற்றவோ உதவவில்லை. சங்கம் போனதும் துறை பழையபடியே இருந்தது.

7. பிற்கால முயற்சிகள்

போர்தியா இதோடு நின்றுவிடவில்லை. 2001இல் 'தூஸ்ரா தசக்' என்ற முயற்சியைத் தொடங்கி, 11 முதல் 20 வயது வரையிலான, பள்ளியைத் தவறவிட்ட வளரிளம் பருவத்தினருக்கு உறைவிட முகாம்கள் நடத்தினார். இது அரசுக்கு வெளியே நின்று செய்த பணி. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் வந்ததும், அதற்கேற்ப அனைவருக்கும் கல்வித் திட்டத்தை மாற்றியமைக்கும் குழுவுக்குத் தலைமையேற்றார். அச்சட்டத்தின் 23ஆவது பிரிவு ஆசிரியருக்குக் குறைந்தபட்சக் கல்வித் தகுதியைக் கட்டாயமாக்கியது. சிக்ஷா கர்மி முறைக்கு இனி சட்டத்தில் இடமில்லை. அந்த முறையை வளர்த்தவரே அதை மூடும் சட்டத்தின் நடைமுறைக்கு வழி வகுத்தார். இதை முரண்பாடு என்பதைவிட, ஒரு நிர்வாகியின் வளர்ச்சி என்று கொள்வதே பொருந்தும். பள்ளி பூட்டிக் கிடந்த ஊருக்கு 1987இல் கிடைத்த விடை, கல்வி உரிமையாகிவிட்ட 2010இல் போதுமானதாக இருக்க முடியாது.

8. முடிவுரை

அரசு ஓர் இயக்கத்தைத் தொடங்க முடியும் என்பதற்குப் போர்தியாவின் வாழ்க்கை சான்று. அரசு தன் அதிகாரத்தில் ஒரு பகுதியைத் திருப்பி எடுக்க முடியாதபடி விட்டுக்கொடுத்தால்தான் அந்த இயக்கம் நிலைக்கும் என்பதற்கும் அதே வாழ்க்கை சான்று. பள்ளி வரைபடமும் ஒன்றியக் குழுவின் ஒப்புதல் அதிகாரமும் அவர் விட்டுச்சென்ற மிகச் சிறந்த கொடை. இன்று பள்ளி மேலாண்மைக் குழு என்ற பெயரில் நம்மிடம் இருப்பது அதன் நிழல் மட்டுமே.

தன்னார்வலர்களைக் கொண்டு கல்வித் திட்டம் நடத்துவது தமிழ்நாடு உட்படப் பல மாநிலங்களில் இன்றும் தொடர்கிறது. அவற்றை மதிப்பிடுவோர் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும் என்று இந்த ஆய்வு வலியுறுத்துகிறது. எந்த முடிவை எடுக்கும் அதிகாரம் ஊருக்கு வந்தது? வேலை செய்பவருக்கு ஊழியர் என்ற தகுதி உண்டா? நிதி நின்றாலும் அந்த அதிகாரமும் அந்தத் தகுதியும் நிற்குமா? போர்தியா முதல் கேள்விக்கு அவர் தலைமுறையில் வேறெவரும் தராத விடையைத் தந்தார். மற்ற இரண்டுக்கும் விடை காண்பது, அவரைப் போற்றுகிறவர்களின் கடமை.